மாம்பழ ஈயின் மசக்கை

பார்ப்பதற்குத் தங்கம் மாதிரி பழம். மூக்கருகே கொண்டு போனால் கமகமவென்று வாசனை. மேலே ஒரு கீறல் கிடையாது, ஒரு துளை கிடையாது. காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டில் பொறுக்கிப் பொறுக்கி வாங்கிய பழம்தான். வீட்டுக்கு வந்து, குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து நாக்கைத் தீட்டிக் கொண்டிருக்க, அரிவாள்மணையில் வைத்து இரண்டாக நறுக்கினால்... சே! உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிகிறது!

மறுநாள் பழக்காரரிடம் சண்டைக்குப் போனால் அவர் சிரிக்கிறார். "நான் என்னம்மா பண்ணட்டும்? பழத்துக்குள்ளே பூந்தா பார்க்க முடியும்?" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். துளையே இல்லாத பழத்துக்குள் புழு எப்படிப் போயிற்று?

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியில் கொஞ்சம் அதிகமாகவே பாத்தியதை உண்டு. ஏகாம்பரேசுவரர் கோயிலின் ஸ்தல விருட்சமே மாமரம் அல்லவா? 'ஏக ஆம்ரம்', அதாவது ஒற்றை மாமரம், என்பதே ஏகாம்பரம் ஆயிற்று என்பார்கள். அந்த மரத்தடியில் அம்பிகை மணலால் லிங்கம் பிடித்து வைத்துத் தவம் இருந்தாள் என்கிறது ஸ்தல புராணம். நான்கு கிளைகளும் நான்கு வேதங்கள், நான்கிலும் நான்கு சுவையுள்ள கனிகள் என்பது பரம்பரையாக வரும் ஐதீகம்.

ஆனால் நாம் பார்க்கப் போகும் ஆசாமிக்குச் சுவையில் பேதமே கிடையாது. பங்கனபள்ளியானாலும் சரி, நீலமானாலும் சரி, ருமானியானாலும் சரி, எல்லாம் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரிதான்!

யார் குற்றவாளி?

முதலில் ஆள் மாறாட்டம் வராமல் பார்த்துக் கொள்ள வேண்டும். மாம்பழ விஷயத்தில் மூன்று பேர் மேல் நாம் மாற்றி மாற்றிப் பழி போடுகிறோம்.

சமையலறையில், கனிந்து போன வாழைப்பழத்தின் மேல் கொசுவைப் போலச் சின்னஞ்சிறு ஈக்கள் மொய்க்குமே, அவை ஒரு வகை. அழுகத் தொடங்கிய பழத்துக்கும் புளித்துப் போன பண்டத்துக்கும்தான் அவை வரும். மரத்தில் தொங்கும் நல்ல பழத்தை அவை கெடுப்பதில்லை.

கொட்டையை உடைத்தால் உள்ளே கறுப்பாக ஒரு வண்டு இருக்கிறதே, அது இரண்டாவது ஆசாமி, மாங்கொட்டை வண்டு. காய் பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு மேல்தோலில் முட்டையிடும். புழு குடைந்து கொண்டு கொட்டைக்குள் போய்விடும். காய் பெருக்கப் பெருக்க வந்த வழி தூர்ந்து விடும்.

சதைக்குள் நெளிகிறதே வெள்ளைப் புழு, அதன் தாய்தான் நம் கதாநாயகி. 'பழ ஈ' என்பது பெயர். வீட்டு ஈயின் அளவுதான் இருக்கும். ஆனால் உடம்பில் மஞ்சள் பட்டைகள் போட்டுக் கொண்டு, மெல்லிய கண்ணாடிச் சிறகுடன், முதல் பார்வைக்குக் குளவி போலத் தோன்றும். கொட்டாது, கடிக்காது. மாந்தோப்பில் நடப்பவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

பெண் ஈயின் வால் பக்கத்தில் ஊசி போல ஓர் உறுப்பு இருக்கிறது. முதிர்ந்த காயாகப் பார்த்து உட்கார்ந்து, தோலுக்கு அடியில் அந்த ஊசியைச் செருகி முட்டைகளை வைத்து விட்டுப் பறந்து விடும். ஊசி குத்திய இடம் குண்டூசி முனை அளவுதான். நம் கண்ணுக்கு எங்கே தெரியப் போகிறது?

ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரிகிறது. ஏறக்குறைய ஒரு வாரம் புழு சதையைத் தின்கிறது. அதோடு சேர்ந்து நுழைந்த நுண்ணுயிர்கள் பழத்தை அழுக வைக்கின்றன. பழம் உதிர்கிறது. புழு வெளியே வந்து, உடம்பை வில்லாக வளைத்துத் துள்ளித் துள்ளிப் போய், மண்ணுக்குள் ஓரிரண்டு அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாக அடங்கி விடுகிறது. சுமார் பத்து நாளில் மண்ணைப் பிளந்து கொண்டு புது ஈ வெளிவருகிறது. ஒரு தாய் தன் ஆயுளில் இடுவது நூற்றுக்கணக்கான முட்டைகள். ஒரே பருவத்தில் எத்தனை தலைமுறை ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். சித்திரையில் வரும் பழத்தைவிட ஆனி, ஆடியில் வரும் நீலம் பழத்தில் புழு அதிகம் இருப்பதன் ரகசியம் இதுதான்.

பட்டுப்பூச்சியும் பழ ஈயும்

இங்கேதான் ஒரு சுவாரசியமான விஷயம் வருகிறது. காஞ்சிபுரம் பட்டு ஊர் ஆகையால் பட்டுப்பூச்சியை வைத்தே சொல்லலாம்.

பட்டு இழை என்பது முழுக்க முழுக்கப் புரதம். அந்தப் புரதம் முழுவதையும் பட்டுப்புழு, புழுவாக இருக்கும்போதே முசுக்கொட்டை இலையைத் தின்று தின்று சேர்த்து விடுகிறது. கூட்டிலிருந்து வெளிவரும் பட்டுப்பூச்சி ஒன்றுமே சாப்பிடுவதில்லை. சாப்பிடத் தக்க வாயே அதற்குக் கிடையாது. வந்தவுடன் ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு விட்டுப் போய்விடும்.

பழ ஈயோ இதற்கு நேர்மாறு. மண்ணிலிருந்து வெளிவரும் பெண் ஈயின் வயிற்றில் முட்டைகள் முதிர்ந்திருப்பதில்லை. முட்டை முதிர வேண்டுமானால் அதற்குப் புரதச் சத்துள்ள ஆகாரம் கட்டாயம் வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் அது இலை இலையாகத் தாவி அலைகிறது. பறவை எச்சம், இலைமேல் படியும் நுண்ணுயிர்கள், சாறு உறிஞ்சும் பூச்சிகள் விட்டுச் செல்லும் தேன் போன்ற கசிவு என்று கிடைத்ததையெல்லாம் நக்கிப் பார்க்கிறது.

நம் வீடுகளில் மசக்கைக்காரி சாம்பலையும் மாங்காயையும் தேடுவாள் அல்லவா? ஈயின் மசக்கை புரதத்தைத் தேடுகிறது. அந்த ஆசை தீராமல் அதற்குப் பிள்ளைப்பேறு இல்லை.

"அப்படியானால், அது தேடுவதை நாமே வைத்து விட்டால் என்ன?" என்று விஞ்ஞானிகளுக்குத் தோன்றியது. அதில் பிறந்ததுதான் புரதப் பொறி உணவு.

ஹவாயில் வைத்த விருந்து

இரண்டாவது உலக யுத்தம் முடியும் சமயத்தில், 1945-46 வாக்கில், ஆசியாவின் பழ ஈ பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சில வருஷங்களுக்குள் அங்கே பழத்தோட்டங்களில் புகுந்து விளையாடி விட்டது. அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த ஸ்டைனர் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே ஒரு உபாயத்தைப் பரிசோதித்தார். புரதத்தைச் சிறு சிறு கூறுகளாக உடைத்துக் கரைசலாக்கி, அதில் கொஞ்சம் பூச்சி மருந்தைக் கலந்து தெளித்தார். உடைந்த புரதத்திலிருந்து எழும் நெடி, பசித்த ஈக்களைச் சுண்டி இழுத்தது. தின்றவை மாண்டன. இந்த முடிவுகள் 1952-ல் வெளியாயின.

இதில் உள்ள விசேஷத்தைக் கவனியுங்கள். வழக்கமாக என்ன செய்கிறோம்? ஈ எங்கே உட்காருமோ தெரியாது என்று, மரம் முழுவதும், காய் முழுவதும் மருந்தால் குளிப்பாட்டுகிறோம். புரத உணவில் அந்த வேலையே இல்லை. ஈயைத் தேடி மருந்து போவதில்லை. மருந்தைத் தேடி ஈ வருகிறது. ஆகவே ஒவ்வொரு மரத்திலும், இலைகளின் அடிப்புறத்தில், அங்கே ஒரு திட்டு, இங்கே ஒரு திட்டாகத் தெளித்தால் போதும். பழத்தின் மேல் படவே வேண்டாம். மருந்தின் அளவு பெரிதும் குறைகிறது. குழந்தை கடித்துத் தின்னும் பழத்தில் விஷம் படிவதும் குறைகிறது.

1956-ல் அமெரிக்காவின் ப்ளாரிடாவில் மத்தியதரைக் கடல் பழ ஈ நுழைந்தபோது, மாலத்தியான் என்ற மருந்தைப் புரதத்தோடு கலந்து விமானத்திலிருந்து தெளித்தார்கள். அடுத்த ஆண்டிலேயே அந்த ஈயை அங்கிருந்து ஒழித்து விட்டார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் ஜனங்கள் இதை வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. 1981-ல் கலிபோர்னியாவில் வீடுகளின் மேல் ஹெலிகாப்டர் பறந்து இதே கலவையைத் தெளித்தபோது பெரிய கிளர்ச்சியே நடந்தது. "பயப்படாதீர்கள்!" என்று காட்டுவதற்காக, அரசாங்க அதிகாரியான பி. டி. காலின்ஸ் என்பவர், நீர்த்த மாலத்தியான் கரைசலை ஒரு டம்ளர் எல்லோர் முன்னிலையிலும் குடித்துக் காட்டினார்! அவர் பிழைத்துக் கொண்டார். ஆனாலும் நாம் பின்பற்ற வேண்டிய உதாரணம் அல்ல அது.

பிற்காலத்தில் மருந்தையும் மாற்றினார்கள். கரீபியன் தீவு ஒன்றில், கைவிடப்பட்ட பழைய ரம் சாராய ஆலையிலிருந்து 1982-ல் எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அது சுரக்கும் 'ஸ்பினோசாட்' என்ற பொருள் இப்போது பல நாடுகளில் புரத உணவோடு சேர்க்கப்படுகிறது. புரதத்துக்கும் மலிவான வழி கண்டார்கள். பீர் ஆலைகளில் வீணாகும் ஈஸ்ட்டைப் பதப்படுத்தி, டோங்கா, வியட்நாம் முதலிய நாடுகளில் பழ ஈக்கு விருந்து தயாரித்தார்கள். மனிதருக்குப் பீர்; ஈக்கு அதன் மண்டி!

துளசியில் ஒரு வலை

மேலே சொன்னது பெண் ஈயின் பலவீனம். ஆண் ஈக்கு ஒரு பலவீனம் உண்டு. அதைக் கண்டுபிடித்தது நம் நாட்டில்தான். அதுவும் கொசுத் தொல்லையால்!

பீகாரில் உள்ள பூசா என்ற ஊரில் அப்போது விவசாய ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே ஹௌலெட் என்ற பூச்சியியல் நிபுணர் வேலை பார்த்தார். அவருடைய அண்டை வீட்டுக்காரர் கொசுவை விரட்டுவதற்காகக் கைக்குட்டையில் சிட்ரொனெல்லா என்ற புல்தைலத்தைத் தடவிக் கொண்டார். கொசு போயிற்றோ இல்லையோ, எங்கிருந்தோ ஈக்கள் வந்து கைக்குட்டையை மொய்த்துக் கொண்டன. ஹௌலெட் பிடித்துப் பார்த்தார். எல்லாம் பழ ஈ, அத்தனையும் ஆண்! 1912-ல் இதைப் பற்றி எழுதினார். மேலும் ஆராய்ந்து, மீதைல் யூஜினால் என்ற வாசனைப் பொருளுக்கு ஆண் ஈக்கள் மயங்குவதை 1915-ல் வெளியிட்டார்.

அந்த வாசனைப் பொருள் நம் வீட்டுத் துளசியிலும் இருக்கிறது. ஆண் ஈ அதைத் தேடித் தின்று, பெண்ணை வசப்படுத்தும் வாசனையாகத் தன் உடம்பில் மாற்றிக் கொள்கிறது. கசக்கிய துளசி இலையைக் கொட்டாங்கச்சியில் வைத்துத் தோப்பில் தொங்கவிடும் பழக்கம் இந்த அடிப்படையில் வந்ததுதான். பசிபிக் கடலில் உள்ள ரோட்டா என்ற சிறு தீவில், ஆண்களை மட்டும் இப்படி மயக்கிக் கொன்றே, 1960-களில் இந்த ஈயை அடியோடு ஒழித்தார்கள்.

சிறு தீவில் அது நடந்தது. நம் ஊர்த் தோப்பில் ஆண்களை மட்டும் பிடித்தால் போதுமா? போதாது. தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு ஜோடி சேர்ந்து விடும். முட்டை வைப்பதும் ஆண் அல்ல. ஆணுக்கு வாசனைப் பொறி, பெண்ணுக்குப் புரத உணவு என்று இரண்டும் சேர வேண்டும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலையும் கரையையும் இணைத்து நெய்ய இரண்டு பேர் கை வேண்டுமே, அது போலத்தான்.

கப்பலிலிருந்து திரும்பிய பழம்

"நாலு பழம் அழுகினால் என்ன, போகட்டும்" என்று நாம் இருந்து விடலாம். தோப்புக்காரர் அப்படி இருக்க முடியாது.

பழ ஈயைக் காரணம் காட்டி 1986-ல் ஜப்பான் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டது. இருபது வருஷம் கழித்து, 2006-ல்தான் கதவைத் திறந்தது. அதுவும் பழங்களை நீராவிச் சூட்டில் வைத்துப் புழுவைக் கொன்று அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2007-ல் அமெரிக்கா அனுமதித்தபோது, கதிர்வீச்சில் காட்டி அனுப்ப வேண்டும் என்றது. 2014 மே மாதம் முதல் தேதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. முந்தைய ஆண்டில் இந்தியாவிலிருந்து போன 207 சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் இருந்தன என்று காரணம் சொன்னார்கள். தடையில் அகப்பட்டது மாம்பழம் மட்டுமல்ல. பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேப்பங்கிழங்கும்தான்! மாம்பழத்துக்கு மட்டும் 2015 ஜனவரியில் தடை நீங்கிற்று.

பாகற்காய் எப்படி இதில் வந்தது என்கிறீர்களா? பழ ஈயின் சொந்தக்காரி ஒருத்தி, பாகல், பீர்க்கு, புடல், பூசணி, வெள்ளரி என்று கொடிக்காய்களில் குடித்தனம் செய்கிறாள். பாகற்பிஞ்சு ஒரு பக்கம் கோணி, மஞ்சளாகி, அழுகி விழுவது அவளுடைய கைங்கரியம்தான்.

இவளிடம் ஒரு வேடிக்கையான குணம். தோட்டத்துக்குள் இவள் குடியிருப்பதில்லை. ஓரத்தில் இருக்கும் மக்காச்சோளம் போன்ற உயரமான செடிகளில் தங்கியிருந்து, முட்டையிட மட்டும் தோட்டத்துக்குள் வந்து போவாள். ஹவாயில் இதைக் கண்டறிந்து, காய்கறித் தோட்டத்தைச் சுற்றி வேலி போலச் சோளம் விதைத்து, புரத உணவை அந்தச் சோளத்தின் மேல் மட்டுமே தெளித்தார்கள். காயில் ஒரு சொட்டு மருந்து படவில்லை.

கருவாட்டுக்கு மயங்கும் ஈ

கொடிக்காய் ஈக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்த முறை, நம் ஊருக்கு ஏற்ற எளிய புரத விருந்து. பாலிதீன் பையில் நனைத்த கருவாட்டுத் தூள் 5 கிராம். ஹெக்டேருக்கு 50 பைகள். இருபது நாளைக்கு ஒரு முறை தூளைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு இதனுடன் டைக்குளோர்வாஸ் என்ற மருந்தைப் பஞ்சில் நனைத்து வைப்பார்கள். அந்த மருந்து 2020 டிசம்பர் முடிவோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டு விட்டது. ஆகையால் பழைய குறிப்பைப் பார்த்து அதைத் தேடி அலைய வேண்டாம். எந்த மருந்து இப்போது அனுமதிக்கப்பட்டது என்பதை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள்.

"கருவாடா? எங்கள் வீட்டு வாசற்படி ஏறாது!" என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. ஈஸ்ட்டும் புரதம்தான். உலகத்தில் பல நாடுகளில் ஈஸ்ட்டையும் வெங்காரத்தையும் சேர்த்த வில்லைகளைத் தண்ணீரில் கரைத்து, அதில் ஈயை விழவைத்து மூழ்கடிக்கிறார்கள்.

வீட்டுத் தோட்டத்துக்கு ஐந்து யோசனைகள்

கொல்லையில் ஒரு மாமரம், ஒரு கொய்யா, ஒரு பாகல் பந்தல் உள்ளவர்களுக்கு:

1. உதிர்ந்த பழத்தை, சொத்தைக் காயை அன்றன்றே பொறுக்குங்கள். குப்பைக் குழியில் போட்டால் புழு மண்ணுக்குள் போய்விடும். கனமான பாலிதீன் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, சில நாள் நல்ல வெயிலில் வையுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். இதைச் செய்யாமல் மற்றவற்றைச் செய்வது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல.

2. மரத்தடி மண்ணைக் கொத்திக் கிளறி விடுங்கள். கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலுக்கும் கோழிக்கும் இரையாகும்.

3. எட்டுகிற காய்களுக்குக் காகிதப் பையோ துணிப் பையோ கட்டி விடுங்கள். காய் முதிர்வதற்கு முன்பே கட்ட வேண்டும். ஊசி குத்திய பிறகு பை கட்டிப் பயன் இல்லை.

4. பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கத்தில் சிறு துளைகள் போட்டு, அடியில் ஈஸ்ட்டும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் விட்டு, நிழலான கிளையில் ஐந்தடி உயரத்தில் தொங்க விடுங்கள். வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். துளசிப் பொறியும் பக்கத்தில் இருக்கட்டும்.

5. கடையில் வாங்கிய புரத உணவைத் தெளிப்பதானால், மாமரத்துக்கு அறுவடைக்கு ஒன்றரை மாதம் முன்பே தொடங்கி, வாரம் பத்து நாளுக்கு ஒரு முறை, இலையின் அடியில் மட்டும் தெளியுங்கள். மழை பெய்தால் கழுவிக் கொண்டு போய்விடும். மறுபடி தெளிக்க வேண்டும். அளவு விஷயத்தில் சீட்டில் அச்சிட்டதுதான் வேதவாக்கு. பாட்டிலும் மருந்தும் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

கடைசியாக ஒரு சமாசாரம். இதைத் தனியாக ஒருவர் மட்டும் செய்தால் அரைப் பலன்தான் கிடைக்கும். பக்கத்துக் கொல்லையில் வயிறாரத் தின்று, முட்டை முதிர்ந்து, தயாராக வருகிற ஈ உங்கள் விருந்தைத் திரும்பியும் பார்க்காது. நேரே பழத்துக்குத்தான் போகும். ஆகவே தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து செய்ய வேண்டும். கிராமத்தில் எல்லாத் தோப்புக்காரர்களும் சேர்ந்து செய்ய வேண்டும். ஹவாயில் வெற்றி கண்டவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

மாவடு, மாங்காய்ப் பச்சடி, ஆவக்காய் எல்லாவற்றுக்கும் அண்டை வீட்டாருடன் கைமாற்று உண்டு நமக்கு. இந்த யோசனைகளையும் அவர்களுக்குக் கொஞ்சம் கொடுத்து வையுங்கள். அடுத்த ஆனி மாதம் இரண்டு வீட்டிலும் பழம் பழமாகவே இருக்கும்!